ஸ்பெயினில் "வீட்டோடு தங்கிப் படிப்பு" என்று காசு கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பிள்ளைகளை மொழி படிக்க வெளிநாடு அனுப்ப யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏ9 வீதியில் கந்தோர் வைத்திருக்கும் ஒரு ஏஜென்சி, "ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஸ்பானிய மொழி படிக்கலாம்" என்று சொல்லி எங்கள் வீட்டில் 18 இலட்சம் ரூபா வாங்கியது. என் தங்கச்சி போனாள். அங்கே குடும்பமும் இல்லை, சொன்ன ஊரும் இல்லை, வகுப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. விஷயம் பொலிஸில் இருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் இதே கதையை வேறு பெயர்ப்பலகை வைத்தும் சொல்வார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வன்னியில் இருந்து ஸ்பானிய மொழி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தங்கச்சி பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவள். ஆகஸ்ட் மாதம் ஸ்பெயின்காரருக்குப் பெரிய விடுமுறை. கிழக்குக் கரைக்கும் அதுதான் சீசன். வருகிறவர்களில் பலர் தங்கள் மொழியில் யாராவது நாலு வார்த்தை கதைத்தாலே முகம் மலர்ந்துவிடுவார்கள். நன்றாகப் படித்து, சுற்றுலா வழிகாட்டி உரிமம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். நல்ல திட்டம். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

ஏஜென்சிக்காரர் சலமன்காவின் படங்களைக் காட்டினார். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர், ஸ்பானிய மொழி படிக்க உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் போகிற ஊர். அதில் பொய் இல்லை. 12 வாரம் வகுப்பு, காலையும் இரவும் வீட்டுச் சாப்பாடு என்றார். "தம்பி, அந்த வீட்டுக்காரர் ஆர்?" என்று அப்பா கேட்டார். "ஐயா, பிள்ளை அங்க வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் இருப்பா, நாங்கள் பொறுப்பு" என்று பதில் வந்தது. பெயரும் விலாசமும் விசா வந்தபின் தருவார்களாம். காலபோக நெல் விற்ற காசு, அம்மாவின் நகையை அடகு வைத்த காசு, மாமா அனுப்பிய காசு எல்லாம் சேர்த்துக் கட்டினோம்.

புறப்படுகிற வாரத்தில் ஊர் மாறியது. சலமன்காவில் வீடு நிரம்பிவிட்டதாம், பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் "இன்னும் வசதியான" வீடாம். பார்சிலோனாவில் ஸ்பானிய மொழி தாராளமாகக் கேட்கும்தான். ஆனால் அது கத்தலான் என்ற வேறொரு மொழியும் பேசுகிற கத்தலோனியா. பள்ளிக்கூடத்திலும் வீதிப் பலகையிலும் கத்தலான் மொழிக்குத்தான் முதலிடம். அ, ஆ தொடங்குகிற ஒருத்திக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

வீடு என்றது ஒரு மாடிக் குடியிருப்பு. அறைக்கு இரண்டு கட்டில், கட்டிலுக்கு ஒரு மாணவி, ஆளுக்கொரு நாடு. குளிர்சாதனப் பெட்டியில் தட்டுத் தட்டாகப் பெயர் ஒட்டியிருந்தது. தங்கச்சிக்குக் கிடைத்தது அடித்தட்டில் பாதி. இரவுச் சாப்பாடு என்பது உறைந்த பீட்சா, அதையும் அவரவரே சூடாக்க வேண்டும். "வீட்டம்மா" சனிக்கிழமைகளில் வந்து வாடகை எண்ணிக்கொண்டு போவார். இருந்த பிள்ளைகள் ஆளையாள் விளங்கிக்கொள்ள இரவு முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் பழக எங்களுக்கு ஸ்பெயின் தேவையில்லை.

வகுப்பு நடத்திய பாடசாலை நல்லது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீ தங்கியிருக்கிற குடும்பத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதிக்கொண்டு வா என்று ஆசிரியை வீட்டுவேலை கொடுத்திருக்கிறார். தங்கச்சி கொண்டுபோனது வெறும் தாள். என்ன ஏது என்று கேட்டு, அலுவலகத்தில் கோப்பை எடுத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஏஜென்சி கட்டியிருந்தது 4 வாரக் கட்டணம் மட்டும். தங்குமிடம் பாடசாலை மூலம் பதியப்படவே இல்லை.

அப்புறம் அந்தப் பாடசாலையே தன் பட்டியலில் இருந்த ஓய்வூதியக்காரி ஒருவரின் வீட்டில் அவளைச் சேர்த்தது. மீதி வாரங்களுக்கான காசை நாங்கள் மறுபடி கட்டினோம். உண்மையான வீட்டுத் தங்கல் எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குப் பிறகு. சாப்பிட்டு முடிந்தாலும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். தட்டை ஒதுக்கிவிட்டு ஒரு மணி நேரம் கதை. அந்த மேசையில்தான் மொழி வருகிறது. அந்த அம்மா பிழை விட்டால் திருத்துவார், மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் மீன்காரரோடு இவளையே கதைக்க விடுவார். வகுப்பில் வராத சொல்லெல்லாம் அங்கே வாய்க்கு வந்தது. ஏஜென்சி எங்களிடம் விற்றது இதைத்தான், கொடுக்காமல் விட்டதும் இதைத்தான்.

ஆகவே, வீட்டுக்காரரின் பெயரும் விலாசமும் எழுத்தில் வராமல், அவர்களோடு ஒருமுறை வீடியோவில் கதைக்காமல் ஒரு ரூபாவும் கட்டாதீர்கள். வீட்டில் வேறு எத்தனை மாணவர், எத்தனை நேரச் சாப்பாடு, பாடசாலைக்கு எவ்வளவு தூரம், வீடு சரிவராவிட்டால் யார் மாற்றித் தருவது என்று கேளுங்கள். பாடசாலைக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டு, பதிவு எத்தனை வாரத்துக்கு என்று உறுதிசெய்யுங்கள். முடிந்தால் கட்டணத்தை நேரே பாடசாலையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் தான் அங்கீகரித்த மொழிப் பாடசாலைகளின் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறது; ஸ்பானிய மொழித் தேர்ச்சிக்கான டெலே சான்றிதழ் தருவதும் அந்த நிறுவனம்தான். அதன் கிளை டெல்லியிலும் உண்டு.

விசா விஷயத்தில் சொல்கிற பொய்கள் இன்னும் மோசம். "மூன்று மாத விசாவில் போ, அங்கே நீட்டலாம், வேலையும் செய்யலாம்" என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா எந்த 180 நாளிலும் 90 நாளுக்குத்தான். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் புறப்படும் முன்பே நீண்டகால மாணவர் விசா எடுக்க வேண்டும், செலவுக்குக் கையில் காசு இருப்பதையும் காட்ட வேண்டும். மொழி வகுப்புக்குப் போகிறவர்களுக்கு வேலை அனுமதி தானாக வராது. சுவரில் வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் மாட்டியிருந்தால் அதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது வேலைக்கு ஆள் அனுப்பக் கொடுக்கப்படுவது. படிப்புக்கு அனுப்ப அது சான்று இல்லை.

தங்கச்சி ஏ2 என்ற அடிப்படை மட்டத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள், அடுத்த மட்டமான பி1க்கு ஒன்லைனில் படிக்கிறாள். காசு இன்னும் திரும்பவில்லை. இதே மாதிரிக் கட்டி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் குரல்பதிவு ஒன்றையும் அழிக்காதீர்கள். எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், முறைப்பாட்டில் சேர்ந்து கொடுப்போம்.