மார்பக மறுசீரமைப்பு: ஒரே நோயாளி, மூன்று சர்ஜன்கள், மூன்று பதில்கள்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தாக வேண்டும் என்று தெரிந்ததும், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "சிலிக்கான் வைப்பதா, வயிற்றுச் சதையை எடுத்து வைப்பதா?" என்பதுதான். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: யாரிடம் கேட்பது? எதிரில் இருக்கும் டாக்டருக்கு எந்த முறை கைவந்ததோ அதுவே பல நேரம் நோயாளிக்கு ஏற்ற முறையாகிவிடுகிறது. மைக்ரோஸ்கோப் வழியாக மெல்லிய ரத்தக்குழாய்களைத் தைக்கும் மைக்ரோ சர்ஜரியைச் செய்யாதவரிடம் போனால் அப்படி ஒரு வழி இருப்பதையே கேள்விப்படாமல் திரும்பி வருவீர்கள். அதனால் முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 46. இடது மார்பில் 4 செ.மீ. கட்டி, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. கீமோ முடியப்போகிறது, அடுத்து ஆபரேஷன், அதன் பின் ரேடியேஷன். இரண்டு சிசேரியன் ஆனவர், சர்க்கரை உண்டு, அடிவயிற்றில் சதை இருக்கிறது. இவர் மூன்று வகை சர்ஜன்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர், கட்டியை எடுக்கும் சர்ஜனே. ஆன்கோபிளாஸ்டிக் பயிற்சி பெற்றவர். "நானே எடுத்து, நானே சரிசெய்துவிடுகிறேன்" என்பார். இவரிடம் போவதில் ஒரு பெரிய நன்மை உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. கீமோவில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தால் மார்பகம் முழுவதையும் எடுக்கவே தேவையில்லாமல் போகலாம். கட்டியைச் சுற்றி நல்ல விளிம்போடு எடுத்துவிட்டு, மீதியிருக்கும் சதையை நகர்த்தியோ, அக்குள் பக்கத்துக் கொழுப்பைத் திருப்பியோ பள்ளத்தை நிரப்பிவிடுவார். மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் இவர்தான். முழுவதும் எடுத்தே தீர வேண்டும் என்று இவரும் சொன்ன பிறகு அடுத்தவரைப் பார்ப்பது நல்லது.

முழு அகற்றம் என்றால் இவர் பெரும்பாலும் இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் சிலிக்கான் பை) பக்கம் போவார். எடுக்கும் நேரத்தோடு ஒன்றிரண்டு மணி நேரம்தான் கூடும், உடம்பில் வேறெங்கும் தழும்பு வராது. சில சமயம் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற பையை வைத்து, காயம் ஆறிய பின் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக 50 முதல் 100 மில்லி வரை உப்புநீர் ஏற்றி, தோல் விரிந்ததும் நிரந்தர இம்ப்ளான்ட்டை மாற்றி வைப்பார்கள். ரேடியேஷன் தேவைப்படாத, மெலிந்த உடல்வாகு உள்ள பெண்ணுக்கு இது நல்ல வழி. நம் நோயாளிக்கு ரேடியேஷன் உண்டே! இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடல் இயல்பாகவே ஒரு மெல்லிய உறையைக் கட்டும். கதிர் பட்ட மார்பில் அந்த உறை தடித்து இறுகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். மார்பு கல்போலாகி மேலே ஏறிக்கொள்ளும், வலிக்கும், கடைசியில் எடுக்க வேண்டி வரும். "ரேடியேஷன் இருந்தாலும் பிரச்சினை இல்லை, எல்லோருக்கும் இதைத்தான் வைக்கிறேன்" என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இம்ப்ளான்ட் வைப்பதென்று முடிவானால், மேற்பரப்பு வழுவழுப்பானதா சொரசொரப்பானதா என்று கேளுங்கள். சொரசொரப்பான வகையோடு தொடர்புடைய ஓர் அரிய நிணநீர்ப் புற்று காரணமாக 2019-ல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆபரேஷன் முடிந்ததும் நிறுவனப் பெயர், மாடல், வரிசை எண் கொண்ட ஸ்டிக்கர் உங்கள் ஃபைலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சிலிக்கான் இம்ப்ளான்ட் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் ஐந்தாறு ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்கிறது. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் இம்ப்ளான்ட் மலிவா என்று கணக்குப் போட வேண்டும்.

இரண்டாமவர் பொதுவான பிளாஸ்டிக் சர்ஜன். தீக்காயம், விபத்து, தாடை, கை எல்லாம் பார்ப்பவர். எம்.எஸ். முடித்து எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது தேசிய வாரியத்தின் டி.ஆர்.என்.பி. (முன்பு டி.என்.பி.) படித்திருப்பார். போர்டில் 'காஸ்மெடிக் சர்ஜன்' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பதிவு எண்ணைக் கேட்டு மாநில மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் தகுதியைச் சரிபாருங்கள்.

இவர் முதுகுத் தசையைச் சொல்வார். லாட்டிசிமஸ் டார்சை என்ற அகன்ற தசையை அதன் மேல் தோலோடு, ரத்தக்குழாயை அறுக்காமல், அக்குள் வழியாக முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவது. 1906-லேயே இத்தாலியின் தன்சினி எழுதிவைத்த முறை. ரத்தக்குழாய் அறுபடாததால் ஃபிளாப் (இப்படி இடம் மாற்றி வைக்கும் சதை) கருகுவது அபூர்வம், மைக்ரோஸ்கோப் வேண்டாம், மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். எல்லா ஊரிலும் மைக்ரோ சர்ஜன் கிடைப்பதில்லை என்கிற நிலையில் இது மதிப்புள்ள முறை.

இதிலும் தவறும் இடங்கள் உண்டு. அக்குள் நெறிகளை எடுக்கும்போது இந்தத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் வெட்டுப்பட்டிருந்தால் ஃபிளாப்புக்கு உயிர் இல்லாமல் போகலாம். ஏற்கெனவே நெறி எடுத்தாயிற்று என்றால் பழைய ஆபரேஷன் நோட்டை வாங்கிக் காட்டாமல் தேதி குறிக்க விடாதீர்கள். காயத்து நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயை எடுத்த பிறகும் முதுகில் நீர் கோப்பது சகஜம், சிலருக்கு ஊசியால் பல முறை உறிஞ்ச வேண்டிவரும். பெரிய மார்பு உள்ளவருக்கு இந்தத் தசை மட்டும் போதாது. அடியில் ஒரு சிறு இம்ப்ளான்ட் வைப்பார்கள், அல்லது பின்னால் கொழுப்பை ஊசியால் ஏற்றுவார்கள். ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பதால் அது ஒரு தடவையோடு முடியாது. முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு விழும். ஆபரேஷனுக்கு முன், வழக்கமாக அணியும் பிராவோடு நிற்கவைத்து, பட்டைக்கு அடியில் மறையும்படி கோடு போடுகிற சர்ஜன், பின்கழுத்து இறங்கிய ரவிக்கையில் அது தெரியுமா என்பதையும் யோசிக்கிறவர்.

இவரே "வயிற்றுச் சதையும் எடுப்பேன்" என்று சொல்லலாம். அங்கே ஒரு கேள்வி அவசியம்: "தசையை எடுப்பீர்களா, விட்டுவிடுவீர்களா?" 1982-ல் ஹார்ட்ராம்ப் அறிமுகம் செய்த டிராம் முறையில் வயிற்றின் நேர்த்தசையும் சேர்ந்து போகும். அதனால் வயிற்றுச் சுவர் தளர்ந்து பிதுங்கல், ஹெர்னியா வர வாய்ப்பு அதிகம், வலை வைத்துத் தைக்க நேரிடும். படுக்கையிலிருந்து எழ கையை ஊன்ற வேண்டியிருப்பதாகச் சொல்லும் பெண்கள் உண்டு. மூன்றாமவர் சொல்லும் முறையும் பேச்சுவழக்கில் 'வயிற்றுச் சதை'தான், ஆனால் அது வேறு ஆபரேஷன்.

மூன்றாமவர் மைக்ரோ சர்ஜன். அவர் சொல்வது டைப் (DIEP) ஃபிளாப். அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும், தசையைத் துளைத்து வரும் மெல்லிய ரத்தக்குழாய்களோடு பிரித்தெடுப்பார். தசை இடத்திலேயே இருக்கும். ஃபிளாப்பை முழுதாக வெளியே எடுத்து, மார்பெலும்புக்குப் பக்கத்தில் ஓடும், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வழியாக, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார். ஒரு பக்கத்துக்கே ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். சிசேரியன் தழும்பு பொதுவாகத் தடையில்லை. தொப்புளுக்குக் கீழ் நெடுக்காக வெட்டியிருந்தால் ஒரு பாதிதான் பயன்படலாம், ஏற்கெனவே வயிற்றுத் தோலைக் குறைக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தால் இந்த வழி மூடிவிடும். எந்தக் குழாய் நல்லது என்று பார்க்க முன்கூட்டியே சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். டைப் செய்வதாகச் சொல்லி அந்த ஸ்கேனைக் கேட்காதவரிடம் காரணம் கேளுங்கள்.

ரேடியேஷன் பற்றி இவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். உடனே ஃபிளாப் வைத்தால் கதிர் பட்டு அது சுருங்கி இறுகலாம். முதலில் தட்டையாகத் தைத்து, ரேடியேஷன் முடித்து, தோல் ஆறுவதற்கு ஆறு மாதமாவது விட்டு ஃபிளாப் வைத்தால் கதிர் படாத புதுச் சதை கிடைக்கும், ஆனால் அதுவரை மார்பில்லாமல் இருக்க வேண்டும். இரண்டையும் விளக்கி, "உங்களுக்கு எது பெரிது?" என்று கேட்பவர் நம்பத்தக்கவர்.

ஒப்பீட்டில் எடை கூடிய பகுதி முதல் இரண்டு மூன்று இரவுகள். ஃபிளாப்பின் ரத்தக்குழாய் அடைத்தால் பெரும்பாலும் அப்போதுதான் அடைக்கும். முதல் நாள் மணிக்கு ஒருமுறை நர்ஸ் டார்ச் அடித்து, விரலால் அழுத்திவிட்டுப் பார்ப்பார். வெளிறிய இடத்தில் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்ப வேண்டும். திரும்பவே இல்லை, ஃபிளாப் சில்லென்று தளர்ந்து கிடக்கிறது என்றால் தமனி அடைத்திருக்கிறது. அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பி, ஃபிளாப் விம்மி, ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வேகமாக வந்தால் சிரை அடைத்திருக்கிறது. வெளுத்த தோலில் நீலம் பாய்வது பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது தாமதமாகவே கண்ணில் படும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், டாப்ளர் கருவியில் துடிப்பு கேட்கும் இடத்தில் ஒரு தையலைப் போட்டு அடையாளம் வைத்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே வைத்துக் கேட்கும் பழக்கமுள்ள வார்டு வேண்டும். அடைப்பைக் கண்டுபிடித்துச் சில மணி நேரத்துக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருந்தால் ஃபிளாப் கருகிவிடும்.

எனவே மூன்றாமவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "இரவு இரண்டு மணிக்கு என் ஃபிளாப் கறுத்தால் யார் பார்ப்பார், எத்தனை நிமிடத்தில் வருவார், அப்போது தியேட்டரும் மயக்க மருத்துவரும் இருப்பார்களா?" நாலைந்து மருத்துவமனைகளுக்கு மாறிமாறிப் போகும் சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்குப் பதில் திக்கும். சென்னை ஸ்டான்லி, கோவை கங்கா போல வெட்டுப்பட்ட கையையும் விரலையும் ஒட்டவைத்துப் பெயர் பெற்ற துறைகளில் இந்த ராத்திரிப் பழக்கம் ஊறியிருக்கும். அப்படிப்பட்ட எந்த இடமானாலும், மார்புக்கு வடிவம் கொடுப்பது தனிக் கலை என்பதால், மார்பக வேலை எவ்வளவு செய்கிறார்கள் என்று தனியே கேளுங்கள்.

எண்களைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். போன வருடம் எத்தனை டைப், எத்தனை பேரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனீர்கள், எத்தனை முழுதாகப் போயின? தேர்ந்த குழுக்களில் முழு ஃபிளாப்பும் போவது நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று. "எனக்கு ஒன்றுகூடப் போனதில்லை" என்றால் மொத்தம் எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். படங்கள் காட்டும்போது ரேடியேஷன் பட்டவர், உங்கள் உடல்வாகு உள்ளவர், ஓராண்டு கழிந்தவர் ஆகியோரின் படத்தையும், சதை எடுத்த இடத்தின் தழும்பையும் கேளுங்கள்.

நம் நோயாளிக்கு எங்கள் தீர்ப்பு: முதலாமவரிடம் மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாதென்றால் அகற்றம், ரேடியேஷன், பிறகு நல்ல இரவுக் கண்காணிப்புள்ள குழுவிடம் டைப். இடைப்பட்ட மாதங்களில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7-க்குப் பக்கத்தில் இறங்கட்டும், இல்லாவிட்டால் வயிற்றுக் காயம் பிரியும் அபாயம் கூடும். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையும் அபாயம் கூடும், எப்போது நிறுத்துவது என்று ஆன்காலஜிஸ்ட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படி ஒரு குழு கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், வருடத்துக்கு இரண்டு டைப் செய்பவரைவிட, முதுகுத் தசையை மாதந்தோறும் செய்பவரே மேல்.

காப்பீட்டில் ஒரு சொல் கவனம். பிளாஸ்டிக் சர்ஜரியை விலக்கும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பொது விதியிலேயே புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு விதிவிலக்கு இருக்கிறது. முன்அனுமதிக் கடிதத்தில் 'காஸ்மெடிக்' என்ற சொல் வந்தால் சிக்கல். 'மார்பகப் புற்றுநோய் அகற்றத்துக்குப் பிந்தைய மறுசீரமைப்பு' என்றே எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனை சொல்லும் பேக்கேஜில் மறுபடி தியேட்டருக்குப் போகும் செலவு, சில மாதம் கழித்துக் காம்பு அமைப்பது, மறுபக்க மார்பைச் சமப்படுத்துவது எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று டிரெயினோடுதான் அனுப்புவார்கள். 24 மணி நேரத்தில் எத்தனை மில்லிக்குக் கீழ் வந்தால் எடுப்பார்கள், அளவை யார் குறித்துவைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ திடீர் வீக்கமோ நிறமாற்றமோ வந்தால் அழைக்க ஓர் எண் தருவார்கள். ஞாயிறு இரவு அந்த எண்ணை எடுப்பவர் வரவேற்பறை ஊழியரா, உங்களைத் தொட்டுத் தைத்த குழுவில் ஒருவரா என்பதை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.