பருங்கா விழாவுக்குக் கூடாரமா, ஸ்வாக்கா?

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியத்தில், கேத்தரின் நகரிலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது பருங்கா என்னும் பழங்குடிக் கிராமம். அரசு தங்களோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று கோரும் பருங்கா சாசனத்தைப் பழங்குடி மக்கள் 1988-இல் பிரதமர் பாப் ஹாக்கிடம் கொடுத்தது இங்கேதான். இங்கே ஜூன் மாதம் நடக்கும் இசை, விளையாட்டு, பண்பாட்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முகாமிட்டே தங்குகிறார்கள்.

கூடாரத்துக்குள் நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம். பிள்ளைகளோடு போனால் அதுதான் சரி. ஆனால் வறண்டு இறுகிய மண்ணில் முளை இறங்குவதற்குள் உள்ளங்கை கன்றிவிடும். வலைச் சன்னல் கொசுவைத் தடுக்கும், செம்புழுதியைத் தடுக்காது.

ஸ்வாக் என்பது மெத்தையோடு சேர்த்துச் சுருட்டிய தடித்த கான்வாஸ் படுக்கை. வாரை அவிழ்த்து விரித்தால் வேலை முடிந்தது. வறண்ட பருவம் என்பதால் மழைக்கு அநேகமாக அஞ்ச வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் காய்ந்தாலும் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். கான்வாஸின் அருமை அப்போது தெரியும். காலணியை மட்டும் வெளியே விடாதீர்கள், ஊர் நாய்கள் கவ்விக்கொண்டு போகலாம்.

எடைதான் தொல்லை, விமானத்தில் வருகிறவருக்குச் சுமை. காரில் போகிறவர் என்றால் என் ஓட்டு ஸ்வாக்குக்கே. எதில் படுத்தாலும் மதுவை மட்டும் கொண்டுபோகாதீர்கள்; அங்கே அனுமதி கிடையாது.