8,500 ரூபாவுக்கு வாங்கிய இரண்டு உள்ளி நசுக்கிகள்

வலது உள்ளங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. இடது கை ஒற்றை விரலால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். ஆறிவிட்டால் “போனது போகட்டும்” என்று நானே சொல்லிவிடுவேன். அந்தக் கடைக்காரர் காத்திருப்பதும் அதற்குத்தான்.

போனது 8,500 ரூபா. தங்கமோ கைப்பேசியோ வாங்கி ஏமாறவில்லை, உள்ளி, அதாவது பூண்டு, நசுக்கும் சாமான் வாங்கி ஏமாந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள். நல்ல உள்ளி நசுக்கியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே, மட்டக்களப்பு நகருக்குள் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்து வெளிநாட்டுச் சமையல் சாமான் விற்கிற மாடிக்கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூத்த மகள் பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருக்கிறாள். பேரனுக்கு இன்று 19 நாள். பத்தியம் சமைத்த குசினிகளுக்குத் தெரியும், இந்த நாட்களில் உள்ளிக்கு எவ்வளவு வேலை என்று. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாவற்றையும் ஒருமுறை வறுத்து இடித்து வைத்துவிடலாம். உள்ளியை அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு வேளையும் புதிதாக உரித்து, புதிதாகத் தட்ட வேண்டும். துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரைக்கும் இதே வேலைதான். எனக்கோ சிக்குன்குனியா வந்துபோனதிலிருந்து வலது மணிக்கட்டு சொல்வழி கேட்பதில்லை. அம்மிக்குழவியை நாலு தரம் இழுத்தால் ஐந்தாவது தரம் கை விட்டுவிடும். கிரைண்டரில் போடலாமே என்பீர்கள். பத்துப் பல்லைப் போட்டால் அது சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். அந்தச் சத்தத்தில் பிள்ளை எழும்பிவிட்டால் அவனைத் தூக்கி வைத்திருப்பது யார்?

ஆகவே கடைக்குப் போனேன். இரண்டு கிழமைக்கு முந்தியது இது.

உள்ளே போனதும் ஒரு தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, பார்த்தால் வீட்டுப் பிள்ளை. “எந்த இடம் அம்மா?” என்றார். கல்லடி என்றேன். “அட, எங்கள் பெரியம்மாவும் கல்லடியில்தான் இருக்கிறா” என்றார். எந்த ஒழுங்கை என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கதிரை எடுத்துப் போட்டார். என் கையைப் பார்த்து, “மணிக்கட்டு வீங்கியிருக்கிறதே அம்மா, உங்களுக்கு அம்மி சரிவராது” என்றார். சொந்த மகன்கூடக் கவனிக்காத வீக்கம் அது. அந்த இடத்திலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

கண்ணாடி மேசையில் ஒரு கிண்ணத்தில் உரித்த உள்ளிப் பற்கள் தண்ணீரில் கிடந்தன. இரண்டை எடுத்து நசுக்கிக்குள் போட்டு, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் வைத்து அமுக்கினார். நூல் நூலாக இறங்கியது. “பாருங்கள் அம்மா, சின்னப் பிள்ளையும் செய்யும்.” பிறகு நசுக்கியை என் உள்ளங்கையில் வைத்தார். “பாரத்தைப் பாருங்கள். சுத்த எவர்சில்வர், 18/8. தகரம் இப்படிப் பாரமாக இருக்குமா? பேரப்பிள்ளை கலியாணம் கட்டும்போதும் இது இருக்கும்.”

பாரமாகத்தான் இருந்தது. கையில் வைத்ததும் மனம் நம்பிவிட்டது. ஒன்று 4,500, இரண்டு எடுத்தால் 8,500. பெட்டியில் 18/8 (18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கலந்த எவர்சில்வர்) என்று ஒட்டுத்தாள், இரண்டு வருட உத்தரவாதம் என்று வாய்ச்சொல். மச்சாளின் மகளும் அடுத்த மாதம் பிள்ளை பெற இருக்கிறாள், அவளுக்கும் ஆகட்டும் என்று இரண்டாக எடுத்தேன். 8,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். சந்தோசமாகத்தான் கொடுத்தேன், அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். கடையில் அந்தப் பற்களை நசுக்கியபோது நெடி அடித்ததா? அடிக்கவில்லை. பச்சை உள்ளியை நசுக்கினால் அந்த அறை முழுக்கத் தெரிய வேண்டும். வெந்நீரில் போட்டெடுத்த உள்ளிதான் நெடி இல்லாமல், நுங்குபோல நசியும். நாற்பது வருடமாக உள்ளியோடு சீவிக்கிற எனக்கு அன்று அது தோன்றவில்லை. ஊதுபத்தி வாசத்தில் நெடி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் முதல்நாளே விசயம் வேறாக இருந்தது. பச்சைப் பல் ஒன்றைப் போட்டு இரண்டு கையாலும் அமுக்க வேண்டியிருந்தது. பாதி கீழே இறங்கியது. மீதி, அமுக்குகிற கட்டைக்கும் கிண்ணத்துச் சுவருக்கும் இடையில் மேலே ஏறி வந்தது. கட்டை அந்தக் கிண்ணத்துக்குள் சரியாகப் பொருந்தவில்லை, சுற்றிவர ஒரு நெல்மணி போகிற அளவு இடைவெளி. துவாரங்களில் அடைபட்டதை ஈர்க்கால் குத்திக் குத்தி எடுத்தேன். அம்மியைக் கழுவுகிற நேரத்தில் பாதிகூட ஆகாது என்று நினைத்தது, இரண்டு மடங்கு ஆனது. புதுச்சாமான், பழகினால் சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். 8,500 ரூபா கொடுத்தவளுக்கு வேறு என்ன சொல்லத் தோன்றும்?

மூன்றாம் நாள் மத்தியானம் மகள் சோற்றை மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தி, நாக்கு நுனியிலிருந்து ஒன்றை எடுத்தாள். பளபளவென்று, நகத்தில் பாதி அளவு, மீன் செதிள் போல. செதிள்தான், சரியாகக் கழுவவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு எறிந்துவிட்டேன்.

எட்டாம் நாள் அது உடைந்தது. மூன்று சின்னப் பல், தோல் உரித்தவைதான். அமுக்கினேன், “டக்” என்று ஒரு சத்தம். நசுக்கியின் மேல்கை, இரண்டு கையும் சேருகிற ஆணிக்குப் பக்கத்தில் இரண்டாக முறிந்து, முறிந்த முனை உள்ளங்கைச் சதைக்குள் இறங்கியது. உள்ளிச்சாறு பட்ட காயம் எப்படி எரியும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குச் சீனி வருத்தம் வேறு. ஆறு நாளாகிறது, இன்னும் காயவில்லை.

இரத்தம் நின்ற பிறகு முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே கண்ணாடி போல மினுக்கம். உள்ளே சாம்பல் நிறம், கட்டிச்சீனியை உடைத்தால் தெரிவது போல மணி மணியாக. ஓரத்தில் அந்த மினுக்கம் தோலாக உரிந்து நின்றது. அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் நாள் நான் சமைத்தது பால்சுறா. சுறாவில் அப்படி ஒரு செதிள் ஏது? பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளின் வாய்க்குள் போனது இந்தப் பூச்சுத்தான்.

எங்கள் ஒழுங்கையில் லேத் பட்டறை வைத்திருக்கிற தம்பியிடம் கொண்டுபோனேன், ஒட்டித் தர முடியுமா என்று. அவர் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது இரும்பே இல்லை. துத்தநாகக் கலவை. அச்சில் வார்த்து மேலே குரோமியம் பூசியிருக்கிறார்கள்” என்றார். பாரமாக இருந்ததே என்றேன். சிரித்தார். ஒரு கன சென்ரிமீற்றர் இரும்பு 7.9 கிராம் என்றால் துத்தநாகம் 7.1 கிராமாம். கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பையன் என் கையில் வைத்துக் காட்டிய பாரம் எதற்கும் சாட்சி இல்லை. வெல்டிங் பிடிக்கலாமா என்றேன். துத்தநாகம் 420 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், நெருப்புக் காட்டினால் ஒழுகிப்போகும் என்றார்.

அவரே இன்னொன்றும் காட்டினார். “இதுவும் பாக்குவெட்டி மாதிரித்தான் அக்கா. ஆணிக்குக் கிட்டத்தான் முழுப் பாரமும் விழும். நல்ல உருக்கு என்றால் முதலில் வளைந்து காட்டும். இது சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.” அளந்தும் பார்த்தார். ஆணியிலிருந்து கட்டை 4 சென்ரிமீற்றர், கைப்பிடி நுனி 14 சென்ரிமீற்றர். நாம் கொடுக்கும் பலம் மூன்றரை மடங்குதான் ஆகிறது. கை நீளமாகவும் கட்டை ஆணிக்கு நெருக்கமாகவும் இருந்திருந்தால் என் மணிக்கட்டு இவ்வளவு பாடு பட்டிருக்காது.

இனிக் கடைக்காரர்களின் கதை.

முதல்தரம் போனபோது அதே தம்பி. “அம்மா” போய் “என்ன வேணும்?” வந்துவிட்டது. பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் “சமையல் சாமான் 2” என்று மட்டும் எழுதியிருந்தது. காசு கொடுத்த நேரத்தில் அதை வாசித்தும் பார்க்கவில்லை, என் பிழை. “இது எங்கள் சாமான்தான் என்று எப்படித் தெரியும்?” என்றார். உங்கள் பெரியம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறாராம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமாம். அனுப்பினேன், ஐந்து படம். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் விழவில்லை. அழைத்தால் அடிக்கும், எடுக்கமாட்டார்கள். மருமகனின் இலக்கத்திலிருந்து அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார்கள், என் குரலைக் கேட்டதும் “சத்தம் விளங்கவில்லை” என்று வைத்தார்கள்.

இரண்டாம்தரம் போனபோது முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒன்றரை மணித்தியாலம் சாப்பிட்டார்.

இன்று மூன்றாம்தரம். முதலாளியே இருந்தார். துண்டுகளைத் தொட்டும் பார்க்கவில்லை. “கூடப் பலம் கொடுத்திருக்கிறீர்கள்” என்றார். மணிக்கட்டு வீங்கிய 58 வயது மனுசி நான். பிறகு, எங்கள் ஊர்க் கடைகளில் விற்கிற சின்னப் பல் உள்ளி கடினமாம், இது பெரிய பல்லுக்குச் செய்ததாம். வாங்கும்போது சொல்லவில்லையே என்றேன். பிறகு, உத்தரவாதம் கைப்பிடிக்கு மட்டுமாம். முறிந்தது கைப்பிடிதானே என்றேன். “அது கைப்பிடி இல்லை அம்மா, அது கை” என்றார். சத்தியமாக இப்படித்தான் சொன்னார். கடைசியில் சுவரைக் காட்டினார். கலண்டருக்குப் பின்னால் பாதி மறைந்து “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்ற பலகை. புதிதாக ஒன்று எடுத்தால் 500 ரூபா குறைத்துத் தருவதாகவும் சொன்னார். 8,500 ரூபாவைத் தொலைத்தவளுக்கு இன்னும் 4,000 ரூபாவைத் தொலைக்க ஒரு சலுகை!

வரும் வழியில் மச்சாளை அழைத்து, அதைப் பாவிக்க வேண்டாம் என்றேன். “பெட்டியே பிரிக்கவில்லை மச்சாள். நான் அம்மியில்தானே தட்டுகிறேன்” என்றாள். அவளுக்குக் கொடுக்க கல்முனைக்குப் போய்வந்த பஸ் காசை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். பிள்ளை அழுகிறான், அடுப்பில் பத்தியச் சரக்கு கருகுகிறது. அவசரமாகச் சில மட்டும்:

பாரத்தை நம்பாதீர்கள். காந்தம் கொண்டுபோங்கள்; ஒட்டினால் இரும்பு வகை, ஒட்டாவிட்டாலும் முடிவு கட்டாதீர்கள், நல்ல 18/8 பெரும்பாலும் ஒட்டாது. ஆணிப் பக்கத்தில் கை மெல்லியதாக இருந்தால், மேலே மினுக்கப் பூச்சு இருந்தால், வைத்துவிட்டு வாருங்கள். கட்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையில் கடதாசி நுழைகிற இடைவெளிக்கு மேல் வேண்டாம். துவாரத் தட்டு கழன்று வர வேண்டும், இல்லாவிட்டால் ஈர்க்குக்கட்டும் சேர்த்து வாங்குங்கள். கைப்பையில் நாலு பச்சை உள்ளிப் பல் கொண்டுபோய், உங்கள் கையாலேயே நசுக்கிப் பாருங்கள். பற்றுச்சீட்டில் சாமானின் பெயரையும் உத்தரவாதத்தையும் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் காசை எடுக்க வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. மருமகன் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். உடைந்த இரண்டு துண்டும், அந்தப் பற்றுச்சீட்டும், 18/8 ஒட்டுத்தாளும் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன். அந்தச் செதிளைத்தான் எறிந்துவிட்டேன்.