தரங்கம்பாடியை வரைய: கலம்காரித் துணியா, தஞ்சாவூர்ப் பலகையா?

1620 முதல் 1845 வரை டேனியர் கையில் இருந்த தரங்கம்பாடியை வரைய நினைக்கும் பெண்ணுக்கு, துணியில் கையால் வரைந்து சாயமிடும் கருப்பூர்க் கலம்காரியையே சொல்வேன். ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்குத் தேடி வந்த சரக்குகளில் சாயத்துணியும் ஒன்று. கதை அதிலேயே பேசட்டும்.

காடாத்துணியைக் கடுக்காய்த்தூள் கலந்த பாலில் நனைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பாலில் கொழுப்பு குறைந்தால் கோடு கசிந்து, டேனியர் அங்கே கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையின் மதில் மேகம்போலப் பரவிவிடும். இரும்புத்துருவும் வெல்லமும் ஊறிய மை வெளிறி விழுந்து, துணியிலுள்ள கடுக்காய் பட்டதும் கறுக்கும். பிறகு அழிக்கவே முடியாது. அந்த வரலாற்றுக்கு அது பொருத்தம்தான்.

தஞ்சாவூர்ப் பலகையில் சாக் பவுடரும் பிசினும் குழைத்து மேடு கட்டி, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். மேடு தடித்து, அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். சுரண்டித் திருத்தலாம். ஆனால் அந்த மினுமினுப்பில் தர்பார் தெரியும், சாயக்காரர் கை தெரியாது.