கூரையில் மீட்புப் பலகை: பட்டையா, போல்ட்டா, யூ கிளாம்ப்பா?

பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவது தென்னாப்பிரிக்காவில் 2002 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஹ்லுஹ்லுவேயில் ஆர்22 சாலைக்குத் திரும்பி, மங்கூசி, கோசி விரிகுடா என்று சுற்றுகிறவர்களுக்கு மணலிலிருந்து விடுதலை இல்லை. தார்ச் சாலையை விட்டு இறங்கியதுமே சக்கரம் புதையும் தடங்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். சென்ற குளிர்காலப் பள்ளி விடுமுறையில் எங்கள் வண்டி அப்படிப் புதைந்தபோது, சக்கரத்துக்கு அடியில் கொடுத்து வண்டியை வெளியேற்றும் பிளாஸ்டிக் மீட்புப் பலகைகள் இரண்டும் குளிர்பெட்டிக்கும் கூடாரத்துக்கும் கேஸ் அடுப்புக்கும் கீழே, பின்பெட்டியின் அடித்தட்டில் கிடந்தன. அவற்றை வெளியே எடுக்க, மசாலா டின் வரைக்கும் எல்லாவற்றையும் மணலில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. பலகை கூரைக்குப் போக வேண்டும் என்று அன்றே முடிவாகிவிட்டது. எதைக்கொண்டு, எவ்வளவு குறைந்த செலவில் கட்டுவது என்று பார்ப்பதில்தான் மூன்று மாதம் போயிற்று.

ஆயத்தமாக விற்கும் மவுண்ட்டை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்பது உண்மை. 2005இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மேக்ஸ்டிராக்ஸ் தன் பலகைகளுக்கென்றே ஊசி போன்ற பின்களை விற்கிறது. இங்கேயே பிறந்த ஃப்ரண்ட் ரன்னர் தன் கூரைத் தட்டுகளுக்குப் பொருந்தும் பிராக்கெட்டுகளைச் செய்கிறது. இவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மலிவான பலகையை வாங்கிவிட்டு, அதைக் கட்டிவைக்கும் நாலு ஊசிக்குப் பலகையின் விலையை ஒட்டிய தொகையைக் கொடுக்க என் கை வரவில்லை. ஆகவே, ஹார்டுவேர் கடையிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும் பொருள்களைக்கொண்டு செய்யக்கூடிய மூன்று வழிகளை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். என் வண்டி, டர்பனின் பிராஸ்பெக்டன் ஆலையில் செய்யப்பட்ட பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர்; அதன் ரூஃப் ரெயில்கள், அதாவது கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் கம்பிகள், கூரையிலிருந்து உயர்ந்து, அடியில் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்பவை. கூரையோடு ஒட்டிய ரெயில் உள்ள வண்டியானால், கீழே சொல்லப்போகும் மூன்றாவது வழியை முதலிலேயே மறந்துவிடலாம்.

பலகையின் எடை ஒரு பொருட்டே இல்லை. 1.15 மீட்டர் நீளமும் 33 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வழக்கமான அளவில் ஒரு ஜோடி, எட்டுக் கிலோ அளவில்தான் இருக்கும். சுசுகி ஜிம்னி போன்ற சிறு வண்டிக்குக் கூரைச் சுமை 30 கிலோதான் என்பதால், அந்த வண்டிக்காரர்கள் மட்டும், கூரைக்குக் குறுக்கே மாட்டும் கிராஸ்பாரின் எடையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையான எதிரி காற்று. 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ. வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து ஆடவில்லை என்று திருப்திப்படுவதில் அதனால்தான் பொருளே இல்லை. பலகையை வண்டியின் நீளவாக்கில் படுக்க வைத்தால், காற்று மோதும் முகம் அகலம் 33, உயரம் 10 சென்டிமீட்டர் அளவே. இழுவை இரண்டு மூன்று கிலோவோடு நின்றுவிடும். அதே பலகையின் முன்முனை தளர்ந்து மேலே எழும்பிவிட்டால், அடிப்பக்கம் முழுவதும் இறக்கையாகிவிடுகிறது. அப்போது அதைத் தூக்கும் விசை பலகையின் எடையையே மிஞ்சக்கூடும். ஆகவே எந்த வழியானாலும் முன்முனையை அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை.

முதல் வழி, பட்டை. இரண்டு கிராஸ்பார்களின்மேல் பலகை ஜோடியை வைத்து, நெய்த பட்டையால் இழுத்துக் கட்டுவது. இதைவிட மலிவான வழி இல்லை; ஐந்து நிமிட வேலை. நானும் இதிலிருந்துதான் தொடங்கினேன். பற்சக்கரத்தால் இறுக்கும் ராட்செட் உள்ள பட்டையை வாங்கி, கைப்பிடியை இழுத்து இழுத்துப் பலகையின் நடுப்பகுதி வளையும் வரை இறுக்கிக்கொண்டிருந்தபோது, சாட்ஸ்வொர்த்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, தேர் வடமா இது, இந்த இழு இழுக்கிறே?" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ராட்செட் லாரிச் சுமைக்கு ஆனது. பிளாஸ்டிக்கை அது நசுக்குகிறதே தவிர நிலைநிறுத்துவதில்லை. வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் அந்த அழுத்தத்துக்கு மெல்ல இணங்கிக் கொடுக்க, காலையில் கம்பிபோல் இருந்த பட்டை மத்தியானத்துக்குள் தொய்ந்துவிடுகிறது. பட்டை நைலானாக இருந்தால், மழையில் நனைந்ததும் இன்னும் கொஞ்சம் நீளும்.

இவ்வளவும் தெரியாமல் கிளம்பிய முதல் பயணத்திலேயே, ம்பஸ்வானாவுக்கு அருகே ஆர்22 சாலையில் மாடுகள் குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். பலகைகள் பட்டைக்குள்ளிருந்து ஒரு சாண் முன்னால் நழுவி, முன் கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தன. அந்தச் சாலையில் மாடும் ஆடும் குறுக்கே வருவது அன்றாடக் காட்சி என்பதால், மாட்டின்மேல் பழி போட வழியில்லை. பிழை கட்டிய விதத்தில் இருந்தது. பலகையின் மேலாகப் பட்டையைப் போர்த்திக் கட்டினால், கீழ்நோக்கிய பிடி மட்டுமே கிடைக்கிறது. முன்னும் பின்னும் நகராமல் தடுக்க அதில் எதுவுமே இல்லை. பட்டையைப் பலகையின் கைப்பிடித் துளைக்குள் நுழைத்து, கிராஸ்பாரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபக்கக் கைப்பிடி வழியாக வெளியே கொண்டுவந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. ராட்செட்டுக்குப் பதிலாக, பெருவிரலால் அழுத்தித் திறக்கும் கேம் பக்கிள் வைத்த பாலியஸ்டர் பட்டை போதும். நைலானைவிடக் குறைவாகவே நீளும். ராட்செட்டின் பற்களில் மணல் ஏறி இறுகிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. பட்டை தட்டையாக நின்றால் நெடுஞ்சாலையில் நாதஸ்வரத்தின் ஒத்துபோல விடாமல் ஓலமிடும். ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் அடங்கிவிடும்.

இப்படித் திருத்திக் கட்டிய பட்டையைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை போகிறவருக்கு இதுவே போதுமானது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் வெயிலில் விட்டுவைத்தால் நெசவு உளுத்துப்போகும் என்ற இரண்டைத்தான் குறையாகச் சொல்லலாம். பட்டைக்குப் பதில் கேபிள் டை போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். வெட்ட வேண்டிய பொருளால் கட்டிய பலகையை, புதைந்த இடத்தில் கத்தி தேடிக்கொண்டு அவிழ்ப்பதைப் பற்றி அதற்குமேல் யோசிக்கவில்லை.

இரண்டாவது வழி, போல்ட். கிராஸ்பாரிலிருந்து மேல்நோக்கி எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு எம்8 மரைக்கம்பிகளை நிறுத்தி, பலகையின் துளைகளை அவற்றில் கோத்து, மேலே கையால் திருகும் நட்டைப் போடுவது. மேல்பக்கத்தில் டி வடிவக் காடி உள்ள அலுமினியக் கிராஸ்பார் என்றால், போல்ட்டின் தலையை அந்தக் காடிக்குள் நுழைத்து வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். காடி இல்லாத பாருக்கு, மேலே ஒரு இரும்புத் தகடும் கீழே ஒரு யூ போல்ட்டும் வேண்டும். என்னுடையது அந்த இரண்டாம் வகை. தகட்டைச் சித்தப்பாவின் பட்டறைக் கழிவிலிருந்து எடுத்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஆன செலவு, ஒரு டாங்கு டீசலில் கால்பங்கைக்கூடத் தொடவில்லை.

வாங்கப் போகும்முன், பலகையின் முன்துளைக்கும் பின்துளைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். கிராஸ்பார்களை அந்தத் தூரத்துக்கு நகர்த்த முடியாவிட்டால், இந்த வழி நீளவாக்கில் ஒரு பட்டைக்கம்பியையும் கேட்கும். செலவு அங்கே இரட்டிப்பாகிறது. கம்பியின் வலிமையைப் பற்றிக் கவலையே வேண்டாம். எம்8 துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்று அறுந்துபோக இரண்டு டன்னுக்கும் அதிகமான இழுவை வேண்டும். பத்து இருபது கிலோ காற்றுக்கு அது எம்மாத்திரம்? தோற்பது எப்போதும் நட்டும், துளையின் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக்கும்தான். ஆகவே துளையைவிட நன்றாக அகன்ற வாஷர் கட்டாயம் வேண்டும். அதற்கும் பலகைக்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வட்டம் ஒன்றும் இருந்தால், பிளாஸ்டிக் இணங்கும்போதும் இறுக்கம் குறையாது. முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிவிட்டால், அதன்பின் வாஷ்போர்டு போல வரிவரியாக மேடுபள்ளமான சரளைச் சாலையிலும் என் நட்டுகள் கழன்றதில்லை. கம்பியைத் தகட்டோடு பிடிக்கும் கீழ் நட்டை நைலான் வளையம் உள்ளதாகப் போட்டு, ஒருபோதும் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

இந்த வழியின் சூட்சுமம் கம்பியின் நீளத்தில் இருக்கிறது. எம்8 மரையில் ஒரு சுற்றுக்கு நட்டு 1.25 மில்லிமீட்டர்தான் இறங்கும். பலகை ஜோடிக்கு மேலே 50 மில்லிமீட்டர் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு நட்டையும் கழற்ற நாற்பது சுற்றுகள். வியர்த்த கையோடு, மணல் ஒட்டிய மரையில் அதைச் செய்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியும். நான் முதலில் அப்படித்தான் விட்டிருந்தேன். பிறகு ஹேக்சா பிளேடால் கம்பியை அறுத்து, நட்டுக்கு மேலே சிறிதளவே தெரியும்படி வைத்ததும், எட்டுப் பத்துச் சுற்றில் பலகை கையில் வந்தது. அறுத்த முனையை அரத்தால் தேய்த்து மழுக்காவிட்டால், நட்டு ஏறும்போது மரை கெட்டுவிடும். சிறகு நட்டுக்குப் பதிலாக உள்ளங்கையில் அடங்கும் நட்சத்திரக் குமிழ் போட்டால், விரல் வலிக்காமல் திருகலாம்.

எஃகுக் கம்பிமேல் எஃகு நட்டு என்பதில் ஒரு பொறி உண்டு. துருப்பிடிக்காத எஃகு இரண்டும் அழுத்தத்தோடு உரசினால், சிலசமயம் மரையே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிடும். அதற்கென்று விற்கும் கிரீஸைச் சிறிது தடவலாம். பித்தளை மரை உள்ள குமிழ் கிடைத்தால் அந்தக் கவலையும் இல்லை. கடற்காற்றில் எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அலுமினியம் பொரிந்து வெள்ளைத் தூளாகும். இடையில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். பலகையை எடுத்தபின் கூரையில் ஈட்டிபோல் நிற்கும் கம்பி, அடுத்து ஏற்றும் மூட்டையைக் கிழிக்கும் என்பதால், தோட்டக் குழாயில் ஒரு துண்டு வெட்டித் தொப்பியாக மாட்டிவைத்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, கிராஸ்பாரே இல்லாமல், எக்ஸாஸ்ட் குழாய்க்குப் போடும் யூ கிளாம்ப்புகளை ரெயிலிலேயே மாட்டி, பலகையை வண்டியின் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்துவது. கேட்பதற்கு மூன்றிலும் இதுவே கவர்ச்சியானது. கிராஸ்பார் வாங்கும் செலவே மிச்சம்; கூரையின் நடுப்பகுதி கூடாரத்துக்குக் காலியாக இருக்கும்; டயரில் கால் வைத்து ஏறாமல் தரையில் நின்றே எட்டி எடுக்கலாம். உயரம் குறைந்த என் மனைவிக்கு இந்தக் கடைசிக் காரணம் பெரிதாகப் பட்டது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ரெயில் முட்டை வடிவம், கிளாம்ப் வட்டம். இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை. இறுக்க இறுக்கக் கிளாம்ப் பெயிண்ட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனது. செங்குத்தாக நிற்கும் பலகை பக்கக் காற்றுக்குத் தன் முழு அகலத்தையும் காட்டுகிறது: 60 கிலோமீட்டர் வேகக் குறுக்குக் காற்றிலேயே ஆறு கிலோவுக்கு மேல் தள்ளும் விசை உண்டாகிறது. சர்க்கரை ஆலைக் கரும்பு லாரிகள் எதிரே வரும் சாலையில், அந்தத் தள்ளல் ரெயிலை மாறிமாறி முறுக்கிக்கொண்டே இருக்கும். கூரைச் சுமையைக் கீழ்நோக்கித் தாங்க வைத்த திருகுகளை இப்படி முறுக்க எனக்கு மனம் வரவில்லை. மலிவுக் கிளாம்ப்பின் துத்தநாகப் பூச்சும் உப்புக் காற்றில் நெடுநாள் நிற்பதில்லை. என்னுடையது அடுத்த கோடைக்கு முன்பே செந்நிறக் கறையைக் கதவு வரை வடியவிட்டது. இந்த வழியைத்தான் விரும்புவேன் என்பவர், வட்டக் கிளாம்ப்பைத் தவிர்த்து, ரெயிலின் வடிவத்துக்கு வளைத்த இரண்டு தகடுகளை உள்ளே ரப்பர் வைத்துச் சேர்த்துப் பிடிக்கச் செய்யலாம். அதை வெல்டரிடம் செய்யச் சொல்லும்போது, மலிவு என்ற பேச்சு முடிந்துவிடுகிறது.

திருட்டைப் பற்றியும் கேட்பார்கள். பட்டையை ஒரு பேனாக்கத்தி அறுத்துவிடும். குமிழைக் குழந்தையும் திருகும். நான் முன்பக்கக் கம்பியின் நுனியில் குறுக்குத் துளை போட்டு, டர்பனில் தெருவில் நிறுத்தும் நாள்களில் மட்டும் சிறு பூட்டு ஒன்றைப் போடுகிறேன். மணலுக்குள் இறங்கும்முன், டயர்க் காற்றைக் குறைக்க நிறுத்தும் இடத்திலேயே அதைக் கழற்றிவிடுவது வழக்கம். உப்பு ஏறிய பூட்டு திறக்க மறுத்தால், கூரையில் பலகையை வைத்ததன் பயனே போய்விடும்.

இப்போது என் வண்டியில் இருப்பது இரண்டு போல்ட், முன்முனையில் கைப்பிடி வழியாகச் சுற்றிய ஒரு கேம் பக்கிள் பட்டை. நட்டு ஒன்று கழன்றாலும் முன்முனை எழும்பக் கூடாது என்பதற்காக அந்தப் பட்டை. ஜிம்னி வைத்திருக்கும் என் மைத்துனருக்குப் பட்டை மட்டுமே போதும் என்றேன். அவர் போவதே ஆண்டுக்கு ஒரு முறைதான். சென்ற மாதம் மங்கூசிக்கு அப்பால் மறுபடியும் புதைந்தபோது, மனைவி முன்சக்கரத்தின்மேல் ஏறி நின்று குமிழ்கள் இரண்டையும் தானே திருகிக் கழற்றினாள். நான் சக்கரத்துக்கு முன்னால் மணலைப் பறித்து முடிப்பதற்குள் பலகைகள் இரண்டும் என் காலடியில் கிடந்தன.