கரண்ட் பில் ஏற ஏற வீட்டில் செய்த மாற்றங்கள்: வருடக்கணக்கில் நிலைத்தவையும் கைவிட்டவையும்

மின் கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒரே பேச்சுதான். லைட்டை அணை, சார்ஜரைப் பிடுங்கு, ஃபேனைக் குறை. கொஞ்ச நாள் எல்லோரும் கவனமாக இருப்பார்கள், அப்புறம் பழையபடி ஆகிவிடும். சில வருடங்களாக எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாதனமாக அளந்து, மாற்றி, அந்த மாற்றம் நிலைக்கிறதா என்று பார்த்து வருகிறேன். தினமும் யாராவது ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய சிக்கனம் நீடிப்பதில்லை. ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய மாற்றங்கள்தான் இன்றுவரை யூனிட்டைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. கட்டணம் எவ்வளவு ஏறும் என்பது நம் கையில் இல்லை. 2022இல் மின் நிலையங்களுக்கும் எரிபொருளாகும் எரிவாயுவின் விலை உலகச் சந்தையில் எகிறியபோது பல நாடுகளில் வீட்டு மின்சார விலையும் சேர்ந்தே ஏறியது. யூனிட் எண்ணிக்கை மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

நான் முதலில் வாங்கியது ஒரு பிளக் மீட்டர். சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் அதைச் செருகி, அதற்குள் சாதனத்தின் பிளக்கைச் செருகினால், அந்த நொடியில் எத்தனை வாட் இழுக்கிறது, மொத்தம் எத்தனை யூனிட் ஆனது என்று காட்டும். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பத்து வாட் சாதனம் நூறு மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

சீலிங் ஃபேன், ஏசி போல நேரடியாக ஒயரிங்கில் இணைந்திருப்பவற்றை பிளக் மீட்டரால் அளக்க முடியாது. அதற்கு வீட்டின் மின் மீட்டரே போதும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண் அச்சாகியிருக்கும். எங்கள் மீட்டரில் அது 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு சாதனத்தை மட்டும் ஓடவிட்டு, இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தேன். 3200 என்று போட்ட மீட்டரில் 1125ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது 15 நொடிக்கு ஒரு முறை மின்னியது, அதாவது 75 வாட். எண் வேறாக இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொண்டு, வரும் விடையை 1125க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். காசே செலவில்லாத இந்த வழியை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒன்று தெரியாமல் இழுக்கிறது என்று அர்த்தம். அதையும் தேடிப் பிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் அதிக பலன் தந்தது ஃபேன் மாற்றம். பிஎல்டிசி (BLDC) எனப்படும், எலக்ட்ரானிக் சர்க்யூட்டால் இயங்கும் மோட்டார் வைத்த ஃபேன்கள் முழு வேகத்தில் ஏறக்குறைய 30 வாட்தான் எடுக்கின்றன. 75க்கும் 30க்கும் உள்ள 45 வாட் வித்தியாசம் சிறியதாகத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேனில் அது மாதத்துக்கு 20 யூனிட். பல இடங்களில் பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். அப்படி இருந்தால் நாம் குறைக்கும் யூனிட்டெல்லாம் விலை அதிகமான மேல் படியிலிருந்துதான் குறையும். அதனால் மிச்சமாகும் பணத்தை சராசரி விலையை வைத்துக் கணக்கிடக் கூடாது. கடைசிப் படியின் விலையை வைத்துப் பார்த்தால்தான் ஃபேனின் விலை எப்போது திரும்ப வரும் என்பது சரியாகத் தெரியும். எங்கள் கூடத்திலும் படுக்கையறையிலும் ஓடும் ஃபேன்கள் போட்ட காசை எப்போதோ திருப்பித் தந்துவிட்டன. எப்போதாவது ஓடும் விருந்தினர் அறை ஃபேனை மாற்றவில்லை, மாற்றவும் தேவையில்லை.

குறையும் உண்டு. ஒரு ஃபேனில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு செயலிழந்தது. வாரண்டி இருந்ததால் மாற்றித் தந்தார்கள், ஆனால் ஆள் வருவதற்குள் அலுத்துவிட்டது. பழைய ஃபேனை எந்த எலக்ட்ரீஷியனும் ஒரு கெபாசிட்டர் மாற்றி ஓட வைத்துவிடுவார். இதில் அது நடக்காது. சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரையும் எடுத்துவிட வேண்டும். வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் குறையாமல் சுற்றுவதும், பவர்கட்டின்போது இன்வெர்ட்டர் பேட்டரி நீண்ட நேரம் தாங்குவதும் எதிர்பார்க்காத நன்மைகள்.

அடுத்தது ஃபிரிட்ஜ். நாள் முழுக்க ஓடும் சாதனம் என்பதால் சில நிமிட அளவீடு உதவாது. கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். பிளக் மீட்டரில் ஒரு முழு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பழைய ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் எடுத்தது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்தது, ரப்பர் தளர்ந்துவிட்டிருந்தது. ரப்பர் மாற்றியதும் கொஞ்சம் குறைந்தது. பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றதை முன்னால் இழுத்துக் காற்றோட்டம் கொடுத்ததும் இன்னும் கொஞ்சம். பிறகு அது பழுதானபோது வாங்கிய புதிய ஃபிரிட்ஜ் அதில் பாதிகூட எடுப்பதில்லை. நன்றாக ஓடும் ஃபிரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் புதிது வாங்கும்போது பழையதை இன்னொரு அறையில் வைத்து ஓட்டாதீர்கள். மிச்சமாகும் யூனிட்டை அது தின்றுவிடும்.

வாட்டர் ஹீட்டர் விஷயத்தில், குறைந்த மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கிவிடும் என்று கடையில் சொல்வதைக் கேட்டு நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். இது தண்ணீரின் இயல்பு, எந்தக் கம்பெனி ஹீட்டராலும் குறைக்க முடியாது. சுருள் வைத்த ஹீட்டர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் ஏற்கெனவே வெப்பமாகத்தான் மாறுகிறது. டேங்கில் சும்மா நிற்கும்போது இழக்கும் சூட்டில் மட்டும்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். எனவே குளிக்கும் முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடும்படி ஒரு டைமர் வைத்தோம். அதன் பிறகு யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அதிகம் வெந்நீர் செலவாகும் பெரிய குடும்பம் என்றால் சோலார் ஹீட்டர் அல்லது ஹீட் பம்ப் பார்க்கலாம். ஹீட் பம்ப் சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். நாள்கணக்கில் வெந்நீரைத் தேக்கி வைக்கும் பெரிய டேங்குகளில் மட்டும் சிக்கனத்துக்காக வெப்பத்தை மிகவும் குறைக்க வேண்டாம், கிருமி வளர இடம் கொடுத்துவிடும். 60 டிகிரி பாதுகாப்பானது.

ஏசியை, தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகைக்கு மாற்றினோம். அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் வேகம் இறங்குவது மீட்டர் விளக்கிலேயே தெரிகிறது. மின்னல்களுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும். 26 டிகிரி வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. அதைவிட முக்கியம், வெயில் படும் ஜன்னலுக்கு வெளிப்புறமாக மறைப்பு போட்டது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை உட்பக்கத் திரையால் ஓரளவுதான் தடுக்க முடியும். மறைப்பு போட்டபின் மாலையில் ஏசி போடும் நேரமே தள்ளிப்போனது.

கைவிட்டவற்றில் முதலாவது சார்ஜர் பிடுங்கும் பழக்கம். இன்றைய மொபைல் சார்ஜர் போன் இல்லாமல் சும்மா இருக்கும்போது பொதுவாக 0.1 வாட்கூட எடுக்காது; வருடம் முழுக்க விட்டாலும் ஒரு யூனிட் வராது. இதற்காகக் குழந்தைகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். செட்டாப் பாக்ஸ் அப்படி அல்ல. எங்களுடையது ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் இழுத்தது, வருடத்துக்கு 87 யூனிட். டிவியையும் அதையும் ஒரே சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷனில் போட்டுவிட்டோம்.

பிளக்கில் செருகினாலே பில் குறையும் என்று விற்கப்படும் பவர் சேவர் பெட்டிகளை வாங்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு கெபாசிட்டரும் ஒரு சிறிய விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் பொதுவாகக் கணக்கிடுவது உண்மையில் செலவாகும் மின்சாரத்தைத்தான், அதை இந்தப் பெட்டி குறைப்பதில்லை. பில்லைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களிடம் இதை விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடும் வெயிலில் வயதானவர்கள் பில்லுக்குப் பயந்து ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். 30 வாட் ஃபேன் ஒரு முழு நாள் ஓடினாலும் முக்கால் யூனிட்தான். அந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லி, ஃபேனை ஓடவிடச் சொல்லுங்கள்.

இப்போது மாடியில் சோலார் பேனல் போடுவது பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். முன்பு இருந்த பயன்பாட்டை வைத்துப் பார்த்தால் எங்களுக்கு மூன்று கிலோவாட் தேவைப்பட்டிருக்கும். இப்போதைய பயன்பாட்டுக்கு இரண்டு போதும் என்கிறார்கள். யோசிப்பவர்கள் பேனலுக்கு விலை கேட்பதற்கு முன் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அளந்துவிடுங்கள்.