வக்கீல் சொல்லும் வாய்தாவை மட்டும் நம்பியிருக்காதீர்கள்

வீட்டில் யார் பெயரிலாவது, குறிப்பாக வயதான பெற்றோர் பெயரில், சிவில் வழக்கு நடந்தால் இதைப் படித்துவிட்டு அதன் நிலையை இன்றே நீங்களே பாருங்கள். எங்களை ஏமாற்றிய வக்கீல் மீது நாங்கள் கொடுத்த புகார் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையும் ஊரையும் எழுதவில்லை.

என் அம்மா மீது பெரியப்பா மகன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அப்பாவும் பெரியப்பாவும் உயிரோடு இருந்தபோதே நிலத்தைப் பிரித்துப் பத்திரமும் பதிவு செய்திருந்தார்கள். அதைக் காட்டி ஒரு பதிலுரை தாக்கல் செய்திருந்தாலே வழக்கு ஆட்டம் கண்டிருக்கும். நாங்கள் அமர்த்திய வக்கீலும் முதல் நாள் அதைத்தான் சொன்னார். "இதெல்லாம் ஒரு வழக்கா அம்மா? பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள்" என்றார். அம்மா வக்காலத்தில் (தனக்காக வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்துப் போட்டார், அசல் பத்திரத்தைக் கொடுத்தார். ஃபீஸ் 25,000 ரூபாய். ரசீது கிடையாது. குமாஸ்தாவின் செல்பேசி எண்ணுக்குப் பணத்தை அனுப்பச் சொன்னார்கள்.

அதன் பிறகு எப்போது கேட்டாலும் "வாய்தா போட்டிருக்கிறார்கள்" என்பதுதான் பதில். நீதிபதி விடுப்பு என்பார்கள், எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது என்பார்கள், இல்லாவிட்டால் கோர்ட் புறக்கணிப்பு. (வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. கட்சிக்காரரிடம் சொல்ல இன்றும் அதுதான் வசதியான காரணம்.) பதிலுரை என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, "அது எப்போதோ தாக்கல் செய்தாயிற்று" என்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதிலுரையில் கட்சிக்காரர் கையெழுத்து வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை என்று கடைசியில் உறுதிமொழியும் இருக்கும், அதிலும் கையெழுத்திட வேண்டும். உங்களிடம் பதிலுரையைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்காமலே, அதிகாரப் பத்திரம் பெற்ற வேறு ஆளும் இல்லாமல், "தாக்கல் செய்தாயிற்று" என்று ஒருவர் சொன்னால் அது பொய். அம்மா கையெழுத்துப் போட்டது வக்காலத்தில் மட்டும்தான்.

ஒருநாள் வழக்கறிஞர் ஆணையரிடமிருந்து (நிலத்தைப் பார்வையிட நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல்) தபால் வந்தது. இறுதித் தீர்ப்பாணைக்காக நிலத்தை அளக்க சர்வேயருடன் வருகிறாராம். இறுதித் தீர்ப்பாணை என்றால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதனிலைத் தீர்ப்பாணை ஏற்கெனவே ஆகிவிட்டது என்று பொருள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தோம். பதிலுரைக்காக வாய்தா, மீண்டும் பதிலுரைக்காக வாய்தா, கடைசியில் பிரதிவாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி (அதாவது, ஒரு தரப்பு வராமலே வழக்கை நடத்துவது). அதற்கு அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பின் சாட்சியம், அப்படியே தீர்ப்பு. சம்மன் கிடைத்த 30 நாளில், காரணம் சொன்னால் 90 நாளுக்குள், பதிலுரை போட வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம். நடைமுறையில் நீதிமன்றங்கள் இதற்கு மேலும் பொறுத்துக்கொள்வது உண்டு. எங்கள் வழக்கிலும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாய்தாக்களில் எங்கள் தரப்பில் எழுந்து நிற்கத்தான் ஆள் இல்லை.

நேரில் போய்க் கேட்டபோது வக்கீல் துளியும் பதறவில்லை. "மனுப் போட்டு ரத்து செய்துவிடலாம். அதற்குத் தனி ஃபீஸ்" என்றார். அம்மா தயங்கியதும் குரலைத் தாழ்த்தி, "பணம் கஷ்டமென்றால் வேண்டாம் அம்மா, ஜெயித்த பிறகு பத்து சென்ட் எழுதிக் கொடுங்கள்" என்றார். வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசுவது இந்திய பார் கவுன்சில் (வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிகளின்படி வக்கீலுக்குத் தடை செய்யப்பட்டது. என்னை அதிகம் கொதிக்க வைத்தது இதுதான். தன் கையாலேயே கெடுத்த வழக்கைத் தானே சரிசெய்யக் கூலியாக நிலம் கேட்கிறார்.

வேறு வக்கீலிடம் போனோம். அவர் முதலில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பிராதை முழுவதும் படித்தார், அப்புறம்தான் பேசினார். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். கெடு தாண்டிவிட்டதால் தாமதத்தை மன்னிக்கத் தனியாக ஒரு மனுவும் வேண்டும். வக்கீலின் தவறுக்காக ஏதுமறியாத கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் எல்லா நீதிபதியும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தாமதத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றார். குமாஸ்தாவுக்குப் பணம் அனுப்பிய பதிவும், "அடுத்த மாதம் வாய்தா" என்று பழைய வக்கீல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் அங்கேதான் கைகொடுத்தன. தீர்ப்பான பிறகும் வாய்தா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்!

அடுத்த தொல்லை, பழைய வக்கீல் வழக்குக் கட்டைத் தர மறுத்தார். மீதி ஃபீஸ் வைத்தால்தான் கட்டும் பத்திரமும், வேறு வக்கீல் வைக்க ஆட்சேபணையில்லை என்ற கையெழுத்தும் என்றார். ஃபீஸ் பாக்கி என்று காரணம் காட்டிக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் நீதிமன்ற அனுமதியுடன் வக்காலத்தை ரத்து செய்துவிட்டு வேறு வக்கீலை அமர்த்தலாம். அப்படித்தான் செய்தோம். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினோம். வக்கீலை அமர்த்தும்போதே அசல் தேவைப்படாது. முதல் நாளே யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், அசல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று பலர் சொன்னார்கள். போக முடியாது. வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று ரத்து செய்துவிட்டது. வக்கீல் தொழில் தனித்தன்மை கொண்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. டாக்டர்கள் பதில் சொல்ல வேண்டும், வக்கீல்கள் வேண்டாமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்டு நுகர்வோர் மன்றம் போகும் வழி அடைபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

மீதியிருப்பது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு. தமிழ்நாடு, புதுச்சேரி வக்கீல்கள் மீது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் விசாரணை டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். ஆனால் இந்தப் புகாரால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ரத்தாகாது. அதற்கான மனுவை வழக்கு நடந்த கோர்ட்டில் தனியாக நடத்தியே ஆக வேண்டும். புகாரை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் மனு விசாரணையில் இருக்கிறது. பார் கவுன்சில் நோட்டீஸ் போன கையோடு குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். வக்கீல் பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறாராம், பத்திரத்தையும் தருகிறாராம், அம்மா புகாரை வாபஸ் வாங்கினால் போதுமாம். புகார்தாரர் சமாதானமாகப் போய்விட்டார், வாபஸ் வாங்கிவிட்டார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒழுங்கு விசாரணையைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "சாரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பி வைத்தோம்.